பொறி பறக்காத வேலை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் இரும்புக் கொட்டகையை என் கணவரும் மகனும் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார்கள். நானும் சேர்ந்துதான் கட்டினேன். குழிக்குள் கான்கிரீட் இறுகும்வரை தூண் சாயாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கூரைச் சட்டத்தை மேலே ஏற்றும்போது கயிற்றின் மறுமுனையை இழுத்திருக்கிறேன். "இதெல்லாம் நீங்களே செஞ்சதா டீச்சர்?" என்று யாராவது கேட்டால் அப்போது சந்தோஷமாக இருக்கும். இப்போது யாராவது அப்படிக் கேட்டால் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விடுகிறேன்.

எல்லாம் ஒரு கேட்டில் தொடங்கியது. என் கணவர் பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வாசல் கேட்டின் கீல் விட்டுப்போனது. வெல்டிங் கடைக்காரர் வந்து ஒட்டிவிட்டுப் போவார், மறு வாரமே கேட் தொங்கும். இவர் கடைக்கே போய், மேலோட்டமாக ஒட்டியிருக்கிறீர்கள், உள்ளே பிடிக்கவில்லை என்று விளக்கியிருக்கிறார். கடைக்காரர் கையில் இருந்த வெல்டிங் கம்பியை நீட்டி, "சார் ஆபீஸ்ல பேனா புடிக்கிறீங்க. இந்தாங்க, ராடு புடிச்சுப் பாருங்க. அப்பறம் பேசுவோம்" என்றாராம். டிராக்டரோடு நின்றவர்களெல்லாம் சிரித்தார்களாம். இதை எங்களிடம் சொல்லும்போது இவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்குச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் கைப்பெட்டி அளவுக்கு ஒரு வெல்டிங் மிஷின் வீட்டுக்கு வந்தது. முதலில் ஒட்டிய இடத்தை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"கோழி கிளறின மாதிரி இருக்குங்க."

"பழகிரும்."

உண்மையிலேயே பழகிவிட்டது. கேட்டை அவரே ஒட்டினார், அது இன்றுவரை தொங்கவில்லை. அதன்பிறகு ஒரு பட்டறை வேண்டும் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் வேண்டாமென்றேன். "ரிட்டையர் ஆனப்பறம் ஆபீஸ் வாசல் டீக்கடையில போய் உக்காரச் சொல்றியா?" என்று கேட்டார்.

மகன் அப்போது வீட்டில்தான் இருந்தான். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வு எழுதி, எழுத்துத் தேர்வுகளையெல்லாம் தாண்டியிருந்தான். மருத்துவப் பரிசோதனைதான் பாக்கி. பெரம்பலூரில் ரயில் கிடையாது. அரியலூர் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் பஸ்ஸில் போய் வருகிறேன். வழியில் தண்டவாளத்தைக் கடக்கும்போது ரயில் எதுவும் போனால் எட்டிப் பார்ப்பேன். இஞ்சின் ஜன்னலில் தெரியும் முகத்தைத்தான் தேடுவேன். அந்த வேலைக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணும் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பார்கள். அவனுக்குத் தெரிந்தது. சின்ன வயதிலிருந்து முருங்கைக்கீரை போட்டு வளர்த்தது வீண்போகவில்லை என்று சக ஆசிரியைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதனால் பட்டறை வேலையில் அவன் இறங்கியபோது நான் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டேன். திருச்சிக்குப் போய் நல்ல பாதுகாப்புக் கண்ணாடியாக இரண்டு வாங்கி வந்தேன். "பொறி பறக்குற வேலைன்னா கண்ணாடி இல்லாம நிக்கக் கூடாது. ரெண்டு பேருக்கும்தான் சொல்றேன்." இரண்டு பேரும் கேட்டார்கள். இரும்பு அறுக்கும் கிரைண்டரை எடுத்தாலே அவன் கை தானாக நெற்றிக்குப் போய்க் கண்ணாடியை இறக்கும். அதைப் பார்த்து நான் நிம்மதியாக இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகத்தான் இருந்தன. அதை மறைத்து எழுத முடியவில்லை. கரிசல் மண்ணில் குழி தோண்டினால் மேலே பாளம் பாளமாக வரும், கீழே போகப் போகக் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு விடாது. திருச்சி பழைய இரும்புக் கடையிலிருந்து சதுரப் பைப்பும் ஆங்கிளும் சின்ன யானை வண்டியில் வந்து இறங்கும். அப்பாவும் மகனும் ரசமட்டத்தை வைத்துக்கொண்டு குமிழி நடுவில் இருக்கிறதா என்று சண்டை போடுவார்கள். பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்ன டீச்சர், மண்டபம் கட்டுறீங்களா?" என்பாள். "ஆமா, ஒங்க வூட்டு விசேஷத்துக்குத்தான். மொய் மட்டும் எங்களுக்கு" என்பேன். வேலை முடிந்து மூன்று பேரும் குழாயடியில் நின்று கை கழுவுவோம். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. திங்கட்கிழமை அந்தக் கையோடு சாக்பீஸ் பிடிப்பதில் எனக்கு ஒரு கர்வம்கூட இருந்தது.

கூரைக்குத் தகரம் வந்து இறங்கிவிட்ட வாரம் அது. பழைய ஆங்கிள் ஒன்றில் துருப்பிடித்த போல்ட்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அறுக்கலாம் என்றால் கிரைண்டருக்கு வீல் தீர்ந்துபோயிருந்தது. ஞாயிறு, கடை இல்லை. "உளிய வெச்சு ரெண்டு தட்டு தட்டினா தெறிச்சிரும்ப்பா" என்றான் மகன். கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டுச் சுத்தியலை எடுத்தான். நான் ஆங்கிளின் மறுமுனையை மிதித்துக்கொண்டு நின்றேன். கண்ணாடி எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பொறி பறக்கவில்லையே.

அடி வாங்கித் தலை விரிந்து சிதைந்துபோன பழைய உளி அது. இரண்டாவது அடியிலோ மூன்றாவது அடியிலோ "ஸ்" என்று வலது கண்ணைப் பொத்தினான்.

"என்னடா?"

"ஒண்ணுமில்லம்மா. தூசி."

தண்ணீர் அடித்துக் கழுவினோம். லேசாகச் சிவந்திருந்தது, கொஞ்சம் உறுத்தியது. இடது கண்ணை மூடிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தான். "ராகு காலம்கூட தெரியுதும்மா" என்றான். மறுபடி வேலைக்குப் போய்விட்டான்.

காலையில் உறுத்தல் போகவில்லை. திருச்சிக்குக் கூட்டிப் போகலாம் என்றேன். கணவருக்கு ஆபீஸில் தணிக்கை, மறுநாள் போகலாம் என்றார். அந்த நேரத்தில்தான் அண்ணியின் போன் வந்தது. என் கணவரின் அக்கா, அரியலூர் பக்கம் கட்டிக்கொடுத்தவர். "ஒரு தூசிக்குத் திருச்சி போறீங்களா? இங்க தூசி எடுக்குற அம்மா இருக்காங்க. கதிரடிச்சப்ப என் கண்ணுல விழுந்த உமிய நாக்காலயே எடுத்துட்டாங்க. காசுகூட வாங்க மாட்டாங்க. புள்ளயக் கூட்டிட்டு வா."

கூட்டிக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்புக்குக் கண்ணின் படம் போட்டுப் பாகம் குறிக்கச் சொல்லித் தருகிறவள் நான். ஆனால் அந்த வீட்டு வாசலில் எனக்கு முன்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். ஒரு கண்டக்டர், கைக்குழந்தையோடு ஒரு பெண், இன்னொருவர் கையில் ஸ்கேன் கவரே இருந்தது. அந்த வரிசையைப் பார்த்ததும் கொஞ்சமிருந்த சந்தேகமும் போய்விட்டது. அந்த அம்மா உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். இமையை விரலால் பிரித்து, நாக்கு நுனியால் ஒரு சுற்று சுற்றி, உள்ளங்கையில் துப்பிக் காட்டினார். எச்சிலுக்கு நடுவில் எள்ளில் பாதி அளவுக்குக் கறுப்பாக ஒன்று.

"பாத்துக்கங்க, வந்துருச்சு. எவ்ளோ பெரிய இரும்பு."

நான் குனிந்து பார்த்தேன். அண்ணி பார்த்தார். அவனும் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "இதுக்கா இந்தப் பாடு படுத்துச்சு?" என்று சிரித்தான். உறுத்தல் நின்றுவிட்டது என்றான். அந்த அம்மா வெற்றிலை பாக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். காசு கேட்டிருந்தாலாவது நான் யோசித்திருப்பேனோ என்னவோ. கண்ணால் பார்த்த ஒன்றை, அதுவும் காசு வாங்காதவர் காட்டியதை, எப்படிச் சந்தேகப்படுவது? திரும்பி வரும் பஸ்ஸில் நான் நன்றாகத் தூங்கினேன்.

மழைக்கு முன்னால் கூரை ஏறியது. சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்கி, மிஷினுக்குப் பொட்டு வைத்தோம். கொஞ்ச நாளில் மகன், "கொட்டகைக்குள்ள சாயங்காலம் ஆனா இருட்டா இருக்குப்பா" என்றான். இவர் ஒரு டியூப் லைட் போட்டார். அப்புறமும் இருட்டு என்றான். இன்னொன்று போட்டார். தகரத்துக்குக் கீழே அப்படித்தான் இருக்கும் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். மூன்றாவது விளக்குக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பரிசோதனைக்குப் போகுமுன் எதற்கும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாமே என்று அவனாகவே டவுனில் மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் போனான். கடைக்காரர் இடது கண்ணை மூடி எழுத்தைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "ம்மா, மேல் வரிகூட கலங்குது" என்றான். குரலில் எதுவுமே இல்லை. அந்தக் குரல்தான் இப்போதும் என்னை விடியற்காலையில் எழுப்பிவிடுகிறது.

திருச்சியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் என்னைவிட வயதில் சின்னப் பெண்.

"இத்தனை நாள் எங்க இருந்தீங்க?"

"காட்டினோம் மேடம்" என்றார் என் கணவர்.

"எந்த ஆஸ்பத்திரியில?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். மகன்தான் சொன்னான். "தூசி எடுத்தாங்க மேடம். நாக்கால."

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "வெளியில ஒட்டியிருந்ததை எடுத்திருப்பாங்க. இது உள்ள போன துண்டு. ரொம்பச் சின்னது, வேகமா வந்தா போன வழிகூட தெரியாது. உள்ளயே துருப்பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றார். பிறகு அவராகவே, "சுத்தியலா?" என்று கேட்டார். மகன் தலையாட்டினான். "கிரைண்டர் பொறி பெரும்பாலும் மேலதான் ஒட்டும். உள்ள போறது அதிகமா சுத்தியல்லேர்ந்து வர்றதுதான். எல்லாரும் கிரைண்டருக்குத்தான் கண்ணாடி போடுறாங்க."

அறுவை செய்து இரும்பை எடுத்துவிட்டார்கள். கண் இருக்கிறது, பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. அந்தக் கண்ணால் அவனுக்கு ஜன்னல் இருக்கும் திசை தெரியும், யாராவது குறுக்கே போனால் நிழல் தெரியும். அவ்வளவுதான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவப் பரிசோதனைக்குக் கூப்பிட்டிருந்த நாளில் அவன் புறப்படவில்லை. காலையில் குளித்து, இட்லி சாப்பிட்டு, மறுபடி படுத்துக்கொண்டான்.

"நீதானே கூட்டிட்டுப் போன?" என்று இவர் ஒருமுறை கேட்டார். "கொட்டகைய யாரு கட்டினது?" என்று நானும் கேட்டேன். ஒருமுறைதான். அதற்குப் பிறகு உப்பு போதுமா, கரண்ட் பில் கட்டியாயிற்றா என்பதோடு எங்கள் பேச்சு நின்றுவிடுகிறது. அண்ணி வந்து அழுதார். அழுதுவிட்டுக் கிளம்பும்போது, "அவங்க எடுத்ததை நீயும்தானே பாத்த?" என்றார். அந்த அம்மாவை வெறுக்க முயன்று பார்த்தேன். அவர் காட்டியது உண்மையான தூசியாகவே இருந்திருக்கலாம். நான்தான் அதைப் போதுமென்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

என் கணவர் அதன்பிறகு கொட்டகைக்குள் கால் வைக்கவில்லை. மிஷின்களை விற்றுவிட ஆள் பேசினார். வந்தவர் விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது மகன் வெளியே வந்தான். "எதுக்குப்பா விக்கிறீங்க? எனக்கு வேற என்ன வேல இருக்கு?" என்றான். வந்தவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது அது ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை இல்லை. வாரம் முழுக்க வேலை நடக்கிறது. தெரிந்தவர்கள் பரிதாபப்பட்டுக் கேட் வேலை கொடுத்தார்கள், பிறகு வேலை சுத்தமாக இருக்கிறது என்று தெரியாதவர்களும் வந்தார்கள். எந்த வேலையானாலும் கண்ணாடி போட்டுக்கொள்கிறான். ஆனாலும் வீட்டுக்குள் இருந்து சுத்தியல் சத்தம் கேட்டால் என் கை நின்றுவிடுகிறது. அடுத்த அடி விழும்வரை நோட்டுத் திருத்த முடிவதில்லை. இருப்பது ஒன்றுதானே என்று மனம் அடித்துக்கொள்கிறது. கொட்டகையைப் பிரித்துப் போடுங்கள் என்று சொல்லவும் முடியாது. அதுதான் அவனுக்குச் சோறு போடுகிறது.

போன வாரம் செட்டிகுளத்திலிருந்து ஒரு விவசாயி வந்திருந்தார். சின்ன வெங்காயம் போட்டு வைக்க இரும்புச் சட்டம் வேண்டுமாம். மகன் ஒரு பைப்பைத் தூக்கி, ஒரு முனையை இடது கண்ணருகே வைத்துக்கொண்டு வளைவு இருக்கிறதா என்று பார்த்தான். விவசாயிக்கு விஷயம் தெரியாது.

"என்ன தம்பி, ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுக்கிட்டே பாக்குற? கொத்தனார்லேர்ந்து ஆசாரி வரைக்கும் ஒரு கண்ண மூடிக்கிட்டுல்ல பாப்பாங்க."

"எனக்கு அந்த வேல மிச்சம்ண்ணே" என்றான் மகன்.

அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் ஏதோ நல்ல பதில் என்று சிரித்தார். மகனும் சிரித்தான். வராந்தாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து உள்ளே போனார். நான் இரண்டு டம்ளர் டீயோடு அவனுடைய வலது பக்கம் நின்றிருந்தேன். நான் நிற்பது அவனுக்குத் தெரியவில்லை. திடீரென்று பேசினால் திடுக்கிடுவான். கீழே கிடந்த இரும்பைத் தாண்டி, அவனுக்கு முன்னால் நடந்து, இடது பக்கமாக வந்து டீயை நீட்டினேன்.