நேர்காணலுக்குப் போகாத ஒரே ஆள்

எதிராளி என்ன செய்வான் என்று கணக்குப் போடும் கேம் தியரிதான் கல்லூரியில் நான் நடத்தும் பாடம். பல வருடமாகத் தற்காலிக வேலை.

நிரந்தர வேலைக்கு இன்று நேர்காணல். எல்லோரையும் நிரந்தரமாக்காவிட்டால் ஒருவரும் போகக்கூடாது என்று தற்காலிக ஆசிரியர்கள் நேற்று டீக்கடையில் கைகொடுத்துக்கொண்டோம்.

மாலையில் கரோல் பாக் மெட்ரோ வாசலில் பொருளாதாரம் நடத்தும் ரமேஷ் எதிரே வந்தார். கோட், டை, கையில் ஃபைல். என் கையில் காய்கறிப் பை.

"என்ன ரமேஷ், நேத்து பேசினோமே?"

"அரே சார், எல்லாருமே வந்திருந்தாங்க. உங்க பேரையும் கூப்பிட்டாங்க. ஒவ்வொருத்தனும் தன் காரியத்தைத்தான் பாப்பான்னு கிளாஸ்ல சொல்றவர், நீங்களே நம்பிட்டீங்களா?"

நாளைக் காலை அதே பாடம்தான் நடத்த வேண்டும். உதாரணத்தில் ஏமாறுகிறவனுக்கு ஒரு பெயர் தேவை.

என் பெயரையே போட்டுவிடவா?