வெள்ளைக்குப் பயந்த நெவில்

சமையலறை ஜன்னலைத் திறந்து, கீழுதட்டை நாக்கால் ஒருமுறை நனைத்து, தலையை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறார் நெவில் ஆஸ்கிராஃப்ட். உதடு சீக்கிரம் காய்ந்தால் காற்றில் ஈரம் குறைவு என்று அர்த்தம், வார்னிஷ் அடிக்கலாம். பிசுபிசுவென்று இருந்தால் டப்பாவைத் தொடக்கூடக் கூடாது. நாட்டிங்ஹாமில் உதடு காய்கிற நாள் அபூர்வம் என்பதால் அக்கம்பக்கத்தார் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கிறார்கள். "என்ன வாத்து, இன்னிக்கு வானம் என்ன ருசி?" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து யாராவது கேட்பார்கள். அங்கே ஆண், பெண், பஸ் ஓட்டுநர், டாக்டர் எல்லாரும் எல்லாருக்கும் வாத்துதான். நெவில் சிரிக்க மாட்டார். ஈரக்காற்றில் அடித்த வார்னிஷ் பனி பூத்ததுபோல் மங்கி, ஒரு வார வேலையைக் கண்ணெதிரே நாசமாக்கியதை அவர் பார்த்திருக்கிறார்.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பிழைப்பு, பொம்மைச் சிப்பாய்களுக்கு வர்ணம் பூசுவது. மேசைமேல் அட்டைக் குன்றுகளை அடுக்கி, பகடை உருட்டிப் போர் விளையாடுகிற பெரியவர்கள் அந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. கட்டைவிரல் உயரச் சிப்பாய்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி ஆசையாக ஒட்டிவிடுவார்கள். வர்ணம் பூசத்தான் பொறுமை இருக்காது. பூசாத படையைப் போட்டியில் இறக்கினால் புள்ளிகள் போய்விடும். ஆகவே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் படைகள் நெவில் வீட்டு வாசலுக்கு வந்து சேரும். கிடங்கு வேலை போன பிறகு, பொழுதுபோக்காக இருந்த இதுவே அவருக்குச் சோறு போட ஆரம்பித்தது.

சிவப்புக்கும் பச்சைக்கும் ஊரில் ஆள் இருக்கிறது. வெள்ளைக் கவசம் என்றால்தான் பல பேர் கையை விரித்துவிடுவார்கள். வெள்ளையைக் கெட்டியாகப் பூசினால் சுண்ணாம்பு அடித்த சுவர்போலத் திட்டுத்திட்டாக நிற்கும். நீர்த்துப் பூசினால் எத்தனை தடவை பூசினாலும் அடியில் இருப்பது எட்டிப் பார்க்கும். நெவில் ஒரு முழுப் படையை ஒரே வாரத்தில் வெளுத்துக் கொடுத்துவிடுவார். அதில் ரகசியம் எதுவும் வைத்துக்கொள்வதில்லை, கேட்டவர்களுக்கெல்லாம் சொல்வார். "வெள்ளையைப் பூசக் கூடாது வாத்து. மிச்சம் விடணும்."

சிப்பாய்களை ஒரு மரச்சட்டத்தில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, முதலில் முழுக்கச் சாம்பல் நிறத்தை அடிப்பார். பிறகு வெள்ளைத் தெளிப்பு டப்பாவை உயரத் தூக்கிப் பிடித்து, உச்சியிலிருந்து மட்டும் ஒரு வீச்சு. தலைக்கவசமும் தோளும் வெளுக்கும். அக்குளும் முழங்கால் மடிப்பும் சாம்பலாகவே நின்றுவிடும். பாதி நிழல் அதிலேயே வந்தாயிற்று. அடுத்தது, அவரே ஜாம் சீசாவில் கலக்குகிற நிழல்தண்ணி. நிறையத் தண்ணீர், கொஞ்சம் கறுப்பு, துளி நீலம், பாத்திரம் கழுவுகிற சோப்பு பேருக்கு. கவசத்தின் இடுக்குகளில் அதை ஓடவிடுவார். காய்ந்ததும், மனைவி லோர்னா கழித்துப்போட்ட பவுடர் தூரிகையில் வெள்ளையைத் தொட்டு, காகிதத்தில் தேய்த்துத் தேய்த்து ஒன்றுமில்லாமல் செய்து, அந்த ஒன்றுமில்லாததைச் சிப்பாய்களின் மேல் பரபரவென்று வீசுவார். நிஜமான வெள்ளை கடைசியில்தான், அதுவும் தோள் விளிம்பிலும் முழங்கால் முனையிலும் மயிரிழை அளவுக்கு. எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு, அந்த நீலத்துக்கு மட்டும் கிடையாது. அதற்குக் கண்தான் அளவு.

இவ்வளவு வேகமாக வேலை செய்கிறவர் தைரியசாலி என்று யாராவது நினைத்தால் அது தப்பு. நெவில் வேகமாகப் பூசுவதே பயத்தினால்தான். வெள்ளை எத்தனை நேரம் மேசையில் கிடக்கிறதோ அத்தனை ஆபத்து என்பது அவர் கட்சி. பூனை மயிர், தும்மல், வறுவல் தின்ற விரல், எதிர்வீட்டுக்காரர் கொளுத்துகிற சருகு, எல்லாமே எதிரிகள். இடது கையில் பருத்தி உறை இல்லாமல் சிப்பாயைத் தொட மாட்டார். வெள்ளைப் படை வீட்டில் இருக்கிற வாரம் மசித்த பட்டாணிக்குத் தடை. அதில் ஊற்றுகிற புதினாச் சாறு தெறித்துவிடுமாம். லோர்னா பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள், நாள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பரிமாறிவிட்டு வந்து சத்தமாகச் சிரிக்கக் கூடியவள். "நான் கல்யாணத்தன்னிக்குக்கூட இவ்ளோ வெள்ளையா இல்லப்பா, இவனுங்களுக்கு வந்த வாழ்வு," என்பாள்.

போன குளிர்காலத்தில் மார்வா ஒரு பாதிப் படையைக் கொண்டுவந்து கொடுத்தாள். நகரப் பேருந்து ஓட்டுகிறவள், புல்வெல் பக்கத்துப் பொம்மைப் போர் கிளப் அணிக்குத் தலைவி. பனிக்கோட்டைக் காவலர் என்று பெயரிட்ட படை, தலை முதல் கால்வரை வெள்ளை. அடுத்த பாதியை இந்த இலையுதிர்காலத்தில் கொடுத்தாள். அணிப் போட்டி ஒரு சனிக்கிழமை. நெவில் சொன்ன நாளில் முடித்து, அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே கிளப் கூடுகிற தேவாலயக் கூடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

மார்வா பழைய பாதியை ஒரு வரிசையாகவும் புதிய பாதியை இன்னொரு வரிசையாகவும் நிறுத்தினாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். நெவில் இரண்டடி தள்ளி நின்று, உருளைக்கிழங்கு வறுவல் திணித்த ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"நெவில், இவனுங்க வேற ஊர்க்காரனுங்களா?" என்றாள்.

ஏன் என்று கேட்டார்.

"நீலமா இருக்கானுங்களேய்யா. பழைய ஆளுங்க பால் மாதிரி இருக்காங்க. இவனுங்க குளிர்ல வெறைச்சுச் செத்தவனுங்க மாதிரி இருக்கானுங்க."

நெவில் குனிந்து பார்த்தார். இரண்டு வரிசையும் வெள்ளை. ஒரே வெள்ளை. அவர் கண்ணுக்கு இம்மியளவு வித்தியாசம் தெரியவில்லை. அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். புதுக் கலவையா, நன்றாகத்தான் இருக்கிறது, எப்படிச் செய்தார் என்று கேட்டார்கள். அவர் வாயில் இருந்த ரொட்டியை மென்று விழுங்க மறந்து, குளிர்கால நிழல், சும்மா முயன்று பார்த்தேன் என்று சொல்லிவைத்தார். மார்வா விடவில்லை. அழகு வேறு, ஒரே படையாகத் தெரிவது வேறு, சனிக்கிழமைக்குள் பழையது மாதிரியே ஆக்கிக் கொடுத்துவிடு என்றாள். பார்த்துச் செய்ய வசதியாக ஒரு பழைய சிப்பாயையும் பெட்டியில் வைத்தாள். அவளுக்கு அது சின்ன வேலை. நெவில் மிச்ச ரொட்டியை அங்கேயே வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

வீடு திரும்புகிற பேருந்தில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, தள்ளி வைத்திருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. கோடையிலேயே நிழல்தண்ணி தேநீர் மாதிரி பழுப்பாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னொரு சொட்டு நீலம் விட்டார், சரியாயிற்று. சில நாள் கழித்து மறுபடியும் பழுப்பு, மறுபடியும் நீலம். விளக்கைச் சந்தேகப்பட்டுப் புது விளக்கு வாங்கினார். வர்ணக்காரர்கள் கலவையை மாற்றிவிட்டார்கள் என்று கடையில் சண்டை போட்டார். குழாய்த் தண்ணீரைக்கூடக் குறை சொன்னார். கண்ணை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை. சந்தேகப்பட அவருக்குத் தைரியம் இல்லை என்பதுதான் சரி.

அவருடைய அப்பா நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். இருட்டில் பழகிய மனிதருக்கு மேலே வந்த பிறகு பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. வலி இல்லை, அதனால் யாரிடமும் சொல்லவில்லை. கதவு நிலைகளில் தோள் இடித்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனார். முன்னாடியே வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னார். கடைசிக் காலத்தில் அப்பா ஜன்னலோர நாற்காலியில் வெயில் முகத்தில் அடிக்க உட்கார்ந்துகொண்டு, விளக்கைப் போடச் சொல்லி நெவிலைக் கூப்பிடுவார். நெவில் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டுவார். சத்தம் கேட்டதும் அப்பா நன்றி சொல்லுவார்.

இதைப் பார்த்தவர் முதல் ஆளாகக் கண் டாக்டரிடம் ஓடியிருக்க வேண்டும். நெவில் ஓடவில்லை. சந்தையில் கண் பரிசோதனைக் கடை இருக்கிற பக்கமே நடக்க மாட்டார், எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். மருந்துக்கடையில் தொங்குகிற கண்ணாடிகளில் ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்வார். அது போதாமல் போனால் அதைவிடக் கனமானது. யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரைக்கும் அந்த வியாதி வந்ததாகக் கணக்கில்லை என்று அவர் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார். லோர்னா கெஞ்சிப் பார்த்திருக்கிறாள், திட்டியும் பார்த்திருக்கிறாள். அடுத்த மாசம் போகலாம் வாத்து என்பார். அந்த அடுத்த மாதம் பல வருஷமாக வரவே இல்லை.

திங்கட்கிழமை மதியம் அவள் வேலை முடிந்து வந்தபோது, சமையலறை மேசையில் இரண்டு சிப்பாய்கள் நின்றிருந்தார்கள். ஒன்று மார்வா கொடுத்த பழையது, இன்னொன்று புதியது. இதில் எது பழசு என்று, ஏதோ விளையாட்டுக்குக் கேட்பதுபோல நெவில் கேட்டார். லோர்னா வாசற்படியில் நின்றபடி, கைப்பையைக்கூட இறக்காமல் சுட்டிக்காட்டினாள். அவர் திரும்பி நின்று சிப்பாய்களை மாற்றி வைத்தார். அவள் மறுபடியும் சரியாகச் சொன்னாள். இன்னொரு தடவை மாற்றினார். இந்தத் தடவை அவள் சிப்பாய்களைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியலையா, நெவ்?"

வெளிச்சம் சரியில்லை என்றார். ஜன்னல் முழுக்க வெயில். அவரே அதைக் கவனித்துவிட்டு, வேகவேகமாகப் பேச ஆரம்பித்தார். நீலத்தை இனிமேல் அவள் கலந்து கொடுத்தால் போதும், பூசுவதை அவர் பார்த்துக்கொள்வார், கை நன்றாகத்தான் இருக்கிறது, மார்வாவுக்கோ மற்றவர்களுக்கோ எதற்குத் தெரிய வேண்டும், இந்தச் சனிக்கிழமை கழியட்டும். பேசப் பேச அவர் குரல் சிறுத்துக்கொண்டே போனது. லோர்னாவுக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, சிப்பாய்களை எடுத்து முதுகுக்குப் பின்னால் கைமாற்றி, இரண்டு உள்ளங்கைகளையும் அவர் முன்னால் விரித்தாள்.

"எது பழசுன்னு காட்டு. சரியாக் காட்டிட்டேன்னா, கண்ணு டாக்டருன்ற பேச்சையே இந்த வீட்ல நான் எடுக்க மாட்டேன். சத்தியமா. தப்பாக் காட்டினா, இப்பவே கோட்டை மாட்டிக்கிட்டு என்கூட வரணும். கடை தொறந்துதான் இருக்கு."

நெவில் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். மாட்டிப் பார்த்தார். ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றதை மூடி, அவள் மணிக்கட்டைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். இரண்டு உள்ளங்கையிலும் ஒரே மாதிரி வெள்ளைச் சிப்பாய், ஒரே மாதிரி நிழல்.

"அப்பாவுக்கு வந்ததா இருந்தா?" என்றார் மெதுவாக.

"அதுவா இருக்கலாம், வேற எதுவாவும் இருக்கலாம். எனக்கு எப்படித் தெரியும்? நான் உருளைக்கிழங்கு மசிக்கிறவ."

அவர் விரல் இடது உள்ளங்கையை நோக்கிப் போனது. பாதி வழியில் நின்றுவிட்டது. தப்பாகக் காட்டிவிடுவோமே என்றுதான் அதுவரை பயந்துகொண்டிருந்தார். இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்தது. குருட்டாம்போக்கில் சரியாகக் காட்டிவிட்டால்? லோர்னா சொன்ன சொல் தவற மாட்டாள். அதன் பிறகு கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். அவர் பாட்டுக்கு நீலத்தைக் கூட்டிக்கொண்டே போவார், ஜன்னலோர நாற்காலி வரைக்கும்.

கையை இறக்கினார். நடைவழிக்குப் போய், ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து காலணிகளுக்குள் பாதத்தை நுழைத்தார். லோர்னா சிப்பாய்களை மேசையில் வைத்துவிட்டுச் சாவியோடு வந்து பக்கத்தில் நின்றாள். எள் அளவு தலைக்கவசத்தில் கண்ணுக்குப் புள்ளி வைக்கிற அந்தக் கைகளுக்குக் கயிற்றை முடிச்சுப் போட வரவில்லை. சுருக்குப் போடுவார், நழுவும். மறுபடியும் போடுவார், மறுபடியும் நழுவும். கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நெவில் தன் காலை அவள் பக்கமாக நீட்டினார்.