அம்மா நித்திரையில் சொல்லும் பெயர்

சுவிஸில், பேர்ண் பல்கலைக்கழகத்தில் முதல் வருடம் முழுவதும் மதியச் சாப்பாட்டை நான் தனியாகத்தான் சாப்பிட்டேன். லாங்கன்தாலில் இருந்து ரயிலில் போய், விரிவுரை கேட்டு, அடுத்த ரயிலில் வீடு திரும்புகிறவளை யார் தேடப்போகிறார்கள்? வீட்டில் எனக்கு வாய் நீளம். வெளியில் ஒருவரிடம் நானாகப் போய்க் கதை கொடுக்க வராது. அதனால் இரண்டாம் வருடம் வகுப்புத் தோழி ஒருத்தி தன் மாணவிகள் சங்கத்தின் சந்திப்புக்குக் கூப்பிட்டபோது, ஒரு நாள் யோசிப்பதுபோல் நடித்துவிட்டு ஓடிப்போனேன்.

தலையில் நிறத் தொப்பி, மார்புக்குக் குறுக்கே பட்டி, வியாழன் மாலைகளில் அதே உணவகத்தில் அதே மேசை. முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டி என்று மனதுக்குள் கேலி செய்தேன். மூன்றாவது கிழமை ரயில் பிந்தி, நான் அரை மணித்தியாலம் தாமதமாகப் போனேன். ஒருத்தி எனக்காக ஒரு கதிரையில் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்திருந்தாள். அதில் இருந்தவுடன் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேர்ந்தே தீருவது என்று அன்றே முடிவெடுத்தேன்.

சேருகிறவளுக்குப் புதுப் பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். தலையில் பியர் தெளித்துப் பெயர் சூட்டுவார்கள். அதன்பின் சாகும்வரை சங்கத்தில் அந்தப் பெயர்தான். பழைய உறுப்பினரான எழுபது வயதுப் பெண் வைத்தியர் ஒருவரை எல்லோரும் ஒரு குருவியின் பெயரால் கூப்பிட்டார்கள். அவரும் அதற்குத்தான் திரும்பிப் பார்த்தார். விரும்பினால் நாமே ஒரு பெயரை எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள்.

அம்மாவுக்கு முதியோர் இல்லத்தில் வேலை. அதிகாலை முறை முடித்து வந்து பிற்பகலில் சோபாவில் படுத்தால், சில நாட்களில் நித்திரையில் ஒரு பெயரைச் சொல்லுவார். பக்கத்தில் கிடப்பவரைத் தட்டி எழுப்புவதுபோல, மிக மெதுவாக. சின்ன வயதில் இருந்து கேட்டிருக்கிறேன். பள்ளிக்கூடச் சிநேகிதியாக இருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். சின்னப் பெயர், சுவிஸ்காரர் வாயிலும் இலகுவாக நுழையும். இங்கே அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கு ஒரு யோசனையும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை அம்மா குசினியில் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தபோது விஷயத்தைச் சொன்னேன். பியருக்காக ஏச்சு விழும் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். பியரைக் கேட்டும் கத்தி நிற்கவில்லை. பெயரைச் சொன்னதும்தான் வெட்டுவதை நிறுத்தினார்.

“இந்தப் பேரை எங்கை கேட்டனி?”

“நீங்கள்தானே அம்மா நித்திரையிலை சொல்லுறனீங்கள்.”

அம்மா கையைக் கழுவினார். கழுவி முடிந்த பிறகும் குழாயைப் பூட்டவில்லை. ஊரில் போர் நடந்த காலத்தில், பதினேழு வயதில், அவர் ஆயுதம் ஏந்தி இயக்கத்தில் இருந்தார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் கதைப்பதில்லை. அன்று கதைத்தார்.

“அவள் எனக்குப் பக்கத்திலை படுக்கிறவள். ஒரு வருஷத்துக்கு மேலை. அது இயக்கத்திலை வைச்ச பேர். சொந்தப் பேர் கேக்கக் கூடாது, ஊர் கேக்கக் கூடாது. அதுதான் சட்டம். காயப்பட்டு என்ரை மடியிலைதான் உயிர் விட்டவள். அப்பவும் நான் கேக்கேல்லை. அவளை விட்டிட்டு ஓடினனாங்கள். அவளின்ரை தாய்க்கு ஆரும் சொன்னவையோ எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியாது.”

காணாமற்போன பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் இருக்கும் தாய்மாரைச் செய்தியில் காட்டும்போதெல்லாம், அம்மா கைபேசியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து ஒவ்வொரு படமாகப் பெரிதாக்கிப் பார்ப்பார். அரசியல் பைத்தியம் என்று நான் கிண்டல் அடித்திருக்கிறேன். அந்தத் தாய்மாரில் யாராவது ஒருவர் கையில் அவளின் முகம் இருக்கிறதா என்று தேடியிருக்கிறார். எனக்கு வெட்கமாக இருந்தது.

“அப்ப நான் சேரட்டோ, விடட்டோ?”

“உன்ரை விருப்பம்.”

எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு எந்த அர்த்தமும் இருக்கலாம். எனக்கு அந்த மேசை வேண்டும். அம்மாவும் நோகக் கூடாது. ஐந்து நாள் மண்டையைக் குடைந்து, பெயரை மட்டும் மாற்றச் சொல்லிக் கேட்பது என்று வியாழன் மாலை புறப்பட்டேன்.

உணவகக் கதவைத் திறந்ததும் மேசை முழுவதும் ஒரே குரலில், சிரித்துக்கொண்டே, அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. அவர்களுக்குப் பெயர் நன்றாகப் பிடித்துவிட்டதாம். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். என்னோடு யார் வந்திருக்கிறார்கள் என்று உண்மையாகவே பார்த்தேன். தெருவில் ஒருவரும் இல்லை.

தோழியை வெளியே கூப்பிட்டு, நான் சேரவில்லை என்றேன். “பெயர்தான் பிரச்சினை என்றால் மாற்றிவிடலாமே,” என்று கெஞ்சினாள். மாற்றலாம். ஆனால் அந்த மேசையில் இனி எந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டாலும் நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். அதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆசைப்பட்டதை விட்டுவிட்டு வருகிறேன் என்ற துக்கமும், அம்மாவுக்காகத்தானே என்ற பெருமையும் ரயிலில் கூடவே வந்தன.

வீட்டில் அம்மா சீருடையைச் சுருக்கம் போக மினுக்கிக்கொண்டிருந்தார். சேரவில்லை என்று சொன்னேன். நிம்மதிப்படுவார் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டவையோ?”

“ஓம். எல்லாரும் சேந்து.”

“சத்தமாயோ?”

“ஓம் அம்மா. சிரிச்சுச் சிரிச்சு.”

அம்மா மினுக்கியை நிறுத்திவிட்டுக் கட்டில் ஓரத்தில் இருந்தார்.

“நாங்கள் அவளைச் சத்தமாய்க் கூப்பிட்டதே இல்லை. ஆமிக்குக் கேட்டிடும் எண்டு மெல்லத்தான் கூப்பிடுறது.” பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். “நீ சேந்திருக்கலாம் பிள்ளை. இன்னும் அம்பது வருஷத்துக்கு அவளைக் கூப்பிட்டிருப்பினம்.”