மகன் காட்டிய கொச்சி

கட்டடம் பார்க்கப் போறேன், மீன் சாப்பிடப் போறேன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத்தான் கொச்சிக்குக் கிளம்பினேன். பொய். என் பொண்டாட்டி போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு. மாரிகுப்பத்து வீட்டுல பேச ஆளில்ல. டிவிகிட்டயா பேச முடியும்? துறைமுகத்துல வேலை பார்க்கிற என் பையன், ‘இங்கயே இருந்துடுங்கப்பா’ன்னு ஒரு வார்த்தை சொல்லமாட்டானான்னுதான் பங்காருபேட்டையில ரயில் ஏறினேன்.

அவன் என்னை லாட்ஜுல தங்க வெச்சான். வீட்டுல பெயிண்ட் அடிக்கிறாங்களாம். சரின்னுட்டேன். மூணு நாளும் லீவு போட்டுட்டுச் சுத்திக் காட்டினான். தண்ணியில ஓடுற மெட்ரோ படகு, அதுக்குக் கண்ணாடியில ஒரு ஸ்டேஷன், கடலைப் பார்த்து நிக்கிற முப்பது மாடி. நல்லாத்தான் இருந்துச்சு. வேளாவேளைக்கு ஹோட்டல்ல கரிமீன், கப்பைக் கிழங்கு, குடம்புளி போட்ட மீன் குழம்பு. அந்தப் புளிப்பு என் நாக்குக்கு ரெண்டாம் நாள்தான் பழகிச்சு. விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி கவனிச்சான். அதுதான் எனக்கு ஆகல.

அந்த முப்பது மாடி லிப்ட் வாசல்ல என் மானம் போச்சு. எங்க ஊர்ல இப்ப மூடிக் கிடக்கிற தங்கச் சுரங்கத்துல இருபது வருஷம் கேஜ்ங்கிற இரும்புக் கூண்டுல இறங்கினவன் நான். பித்தளை டோக்கனைக் கொடுத்துட்டுத்தான் இறங்கணும். ஷிப்ட் முடிஞ்சும் எவன் டோக்கன் பலகையில தொங்குதோ அவன் இன்னும் மேல வரலைன்னு அர்த்தம், தேடப் போவாங்க. லிப்ட் கதவு திறந்ததும் கை தானா பாக்கெட்டுக்குப் போச்சு. வீட்டுச் சாவியை எடுத்து செக்யூரிட்டிகிட்ட நீட்டிட்டேன். அவர் முழிச்சார். பையன் மலையாளத்துல ஏதோ சொல்லி வாங்கிக் கொடுத்தான். மேல போறப்ப விஷயத்தைச் சொன்னேன்.

“இங்க யாரும் ஆளை எண்ண மாட்டாங்கப்பா”ன்னான்.

கடைசி நாள் மத்தியானம் சாப்பிடறப்ப பொறுக்க முடியாம வாயைத் திறந்தேன். உன் வீட்டைக் காட்டேன் கண்ணு, ஒரு மூலையில நானும் கிடந்துட்டுப் போறேன்னேன்.

அவன் கை சோத்துலயே நின்னுபோச்சு. “வீடு இன்னாப்பா வீடு. ஒரு ரூம்ல ஆறு பேர் படுக்கிறோம். உங்களை எங்க கூட்டிட்டுப் போறது?”

அடப்பாவி, இதை மறைக்கவா இத்தனை கட்டடம் காட்டினே? கிளம்பி வாடா, வீடு சும்மாதானே கிடக்கு, ரெண்டு பேரும் இருக்கலாம்னேன்.

அவன் கோபப்படல. “அங்க வந்து இன்னா வேலை பார்க்கிறது, நீங்களே சொல்லுங்க.”

முள்ளை எடுத்துட்டு மீனை அவன் தட்டுல வெச்சேன். சாப்பிட்டான்.