இரண்டு பேருக்கு ஒரு குடும்பப் படம்

போன செவ்வாய்க்கிழமை காலைக் காட்சிக்குப் படம் பார்க்கப் போனேன். தனியாக.

எத்தனை ரிக்கெற் என்று கவுண்டரில் இருந்த பிள்ளை கேட்டாள். ஒன்று என்றேன். "ஒண்டுதானோ அன்ரி?" என்று கேட்டுவிட்டு, எனக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன்... ஒருவரும் இல்லை.

சுவரில் பெரிய போஸ்டர். பனி மூடிய காடு, சிவப்புத் தொப்பி போட்ட ஒரு சிறுமி, பக்கத்தில் காதுகளில் கறுப்புக் குஞ்சம் வைத்த ஒரு பெரிய காட்டுப்பூனை. குடும்பத்துடன் கண்டு மகிழுங்கள் என்று கீழே எழுதியிருந்தது.

சரி, மகிழ்வோம்.

இந்த வயதில் சிறுவர் படம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். மற்றத் திரையில் ஒரு கதாநாயகன் காலையிலேயே ஆட்களை வெட்டத் தொடங்கியிருந்தார். அது ஒரு காரணம். இன்னொன்று — அம்மா போய் ஒரு வருடமாகப் போகிறது. அம்மா படுக்கையில் இருந்த காலத்தில் எனக்கென்று ஒரு காலைப்பொழுது இருந்ததில்லை. கழுவுவது, ஊட்டுவது, மருந்து கொடுப்பது, அவர் கண்ணயரும் நேரத்தில் என்னுடைய மொழிபெயர்ப்பு வேலை. இப்போது காலை முழுக்க என்னுடையது. அதை யாரிடம் கேட்டேன்?

உள்ளே போனால் நல்ல ஏசி. வரிசை வரிசையாகச் சிவப்புக் கதிரைகள். எந்தக் கதிரையில் வேண்டுமானாலும் இருக்கலாம் என்றால் எதில் இருப்பது என்று தெரியாது — இது உங்களுக்கும் நடந்திருக்கும். நடுவில் போய் இருந்தேன்.

விளக்குகள் அணைகிற நேரத்தில் ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். கையில் ஹெல்மெட். எனக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தார். எங்கள் இருவருக்காகவும் படம் ஓடத் தொடங்கியது.

படம் ஆங்கிலம். கீழே எழுத்தும் இல்லை. பத்து நிமிடம் போயிருக்கும்... முன்னாலிருந்தவர் திரும்பினார்.

"அக்கா, குறை நினைக்காதேங்கோ. உங்களுக்கு இவை கதைக்கிறது விளங்குதோ?"

விளங்குகிறது என்றேன். கொஞ்சம் சொல்ல முடியுமா என்று கேட்டார். தனக்குக் கட்டாயம் தெரியவேண்டும், பிறகு காரணம் சொல்வதாகச் சொன்னார்.

இரண்டு வரிசை தள்ளியிருப்பவருக்கு எப்படிப் படத்தைச் சொல்வது? எழும்பி என் வரிசைக்கே வந்துவிட்டார். நான் கொஞ்சம் விறைத்துப்போனேன். ஐம்பத்தெட்டு வயதென்றாலும் யாழ்ப்பாணம் யாழ்ப்பாணம்தானே? அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரு கதிரை விட்டு இருந்தார். இடையில் இருந்த கதிரையில் ஹெல்மெட்டை வைத்தார். எங்களுக்கு நடுவில் ஹெல்மெட் இருந்து படம் பார்த்தது. அது இல்லாவிட்டால் இதை எழுதுகிற துணிவு எனக்கு வந்திருக்காது.

சொல்லத் தொடங்கினேன். அந்தச் சிறுமி தகப்பனோடு காட்டுக்குள் இருக்கிறாள். தகப்பனுக்குக் காடு காக்கிற வேலை. பொறியில் கால் அகப்பட்ட ஒரு குட்டியைக் கண்டெடுத்து, தகப்பனுக்குத் தெரியாமல் விறகுக் கொட்டிலில் வைத்துப் பால் கொடுக்கிறாள்.

"அது என்ன மிருகம் அக்கா?"

லிங்ஸ் என்றேன். தமிழில் என்ன என்று கேட்டார். முப்பது வருடமாக மொழிபெயர்க்கிறேன்... வரவில்லை. லிங்ஸ்தான் என்றேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு மூன்று தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

தாய் எங்கே என்று கேட்டார். செத்துப்போனார் என்றேன். பாவம் என்றார், பக்கத்து வீட்டுச் செய்தி கேட்டதுபோல.

இந்த வகைப் படங்களைக் கவனித்திருக்கிறீர்களா? தாய் இருந்தால் தகப்பன் இருக்க மாட்டார். தகப்பன் இருந்தால் தாய் இருக்க மாட்டார். இரண்டு பேரும் ஒழுங்காக வீட்டில் இருந்தால் எந்தப் பிள்ளை காட்டுக்குள் போகும்? தொப்பியைப் போடு, சாப்பிடு, வீட்டுப்பாடம் செய் என்று பத்து நிமிடத்தில் படம் முடிந்துவிடும். ஆள் குறைந்த வீட்டில்தான் ஒரு மிருகம் வந்து இருக்க இடம் இருக்கிறது.

இடைவேளை விட்டார்கள். எனக்குத் தொண்டை காய்ந்துபோயிருந்தது. ஏன் இப்படிக் காய்கிறது என்று யோசித்தபோதுதான் உறைத்தது... இந்த ஒரு வருடத்தில் நான் ஒருவரோடும் இவ்வளவு நேரம் தொடர்ந்து கதைக்கவில்லை.

அவர் வெளியே போய் பால் விடாத தேநீர், இரண்டு கோப்பை பிளேன் ரீ வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு காரணத்தைச் சொன்னார்.

பெயர் அன்ரன். குருநகர். படகு எஞ்சின் திருத்துகிற வேலை. மனைவி லண்டனில், வயதானவர்களைப் பராமரிக்கிற ஓர் இல்லத்தில் வேலை செய்கிறார். லண்டன் என்று சொன்னாலும் அங்கிருந்து ரயிலில் நெடுநேரம் போகவேண்டிய ஏதோ ஓர் ஊராம். மகள் ஜெனியும் தாயோடு. ஐந்து வயதில் போன பிள்ளைக்கு இப்போது ஒன்பது. பின்னால் வருகிறேன் என்று இவர் சொல்லி அனுப்பினார். விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டுவிட்டது.

ஒவ்வொரு நாளும் கதைக்கிறாராம். ஆனால் என்னத்தைக் கதைப்பது? சாப்பிட்டியா? ஓம். பள்ளிக்கூடம் போனியா? ஓம். அதோடு முடிந்துவிடும். பிள்ளையின் தமிழ் குறைந்துகொண்டு வருகிறது. இவருடைய ஆங்கிலம் கூடுவதாக இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஒன்றே ஒன்று இருந்தது. ஜெனிக்குக் காட்டுப் படங்களில் பைத்தியம். பிள்ளையும் மிருகமும் வருகிற படம் என்றால் விடமாட்டாள். பார்த்துவிட்டு அதைப்பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ் என்று நிறுத்தாமல் கதைப்பாளாம். அதனால் இவரும் பார்க்கத் தொடங்கினார்.

போன முறை வந்தது ஒரு நாய்ப் படம். வேலை நெருக்கடி. போக முடியவில்லை. போனில் ட்ரெய்லரைப் பார்த்துவிட்டு, படம் பார்த்ததாகச் சொல்லிவிட்டார். ஜெனி கேள்வி கேட்டாள்.

"நாய் உயிரோடை இருக்கு எண்டு சொல்லிப்போட்டன் அக்கா. அது செத்துப்போச்சாம்."

சிரிப்பு வந்தது எனக்கு. அவர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு சில நாள் ஜெனி போனுக்கே வரவில்லையாம். வந்த பிறகும் பழையபடி ஓம், ஓம் மட்டும்தான். இந்தப் படத்தைப் பார்த்தீர்களா என்று ஒரே ஒரு தரம் கேட்டிருக்கிறாள். அதுதான் இன்றைக்கு அரைநாள் லீவு. படம் முடிகிற நேரம் அங்கே பிள்ளை பள்ளிக்கூடம் வெளிக்கிடுகிற நேரம். அழைப்பு எடுப்பாள்.

விளக்குகள் மறுபடி அணைந்தன. இப்போது என் வேலை மாறிவிட்டது. ஒரு சொல்லையும் விடவில்லை. ஒரு பிள்ளை என்ன கேட்கும் என்று யோசித்து யோசித்துச் சொன்னேன் — குட்டிக்கு வைத்த பெயர், எந்தக் காலில் காயம், தொப்பி எங்கே தொலைந்தது... வங்கிக் கடிதங்களைக்கூட இந்தக் கவனத்தோடு நான் மொழிபெயர்த்ததில்லை.

பனிப்புயல் வந்தது. சிறுமி காட்டுக்குள் வழி தவறினாள். வளர்ந்துவிட்ட லிங்ஸ் அவளைக் கண்டுபிடித்து, விடியும்வரை அவள் மேல் உடம்பைப் போட்டுச் சூடு கொடுத்துக்கொண்டு கிடந்தது. தகப்பன் பனிக்குள் விழுந்து எழும்பித் தேடிக்கொண்டு வந்தார். அன்ரன் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு இந்தப் படங்களில் கட்டாயம் வருகிற அந்த இடம் வந்தது. மிருகத்தைத் திரும்பவும் காட்டுக்குள் விடவேண்டும். சிறுமி விடமாட்டேன் என்று அதன் கழுத்தைக் கட்டிப்பிடிக்கிறாள். தகப்பன் முழங்காலில் நின்று அவளுக்கு ஏதோ சொல்கிறார். அதைக் கேட்டதும் நான் நிறுத்திவிட்டேன்.

அன்ரன் என்னைப் பார்த்தார்.

"என்ன சொல்லுறான் அக்கா?"

சொல்லாமல் விட்டிருக்கலாம். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம். பிள்ளை கேட்டால்? சொன்னேன்.

"அது உன்னை மறந்திடும், மறந்தால்தான் அது அங்கை நல்லா இருக்குது எண்டு அர்த்தம் — எண்டு சொல்லுறார்."

அவர் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழும்பினார். எழும்பி, படிகளில் இறங்கி, கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பின்னால் போவதா? போய் என்ன சொல்வது? முடிவை யாராவது ஒருவர் பார்க்கவேண்டும் என்று தோன்றியது. இருந்தேன். திரையில் லிங்ஸ் பனிக்குள் நடந்தது. மரங்கள் தொடங்குகிற இடத்தில் நின்றது. தலையை மட்டும் திருப்பி அந்தச் சிறுமியைப் பார்த்தது. பிறகு மரங்களுக்குள் போய்விட்டது. சிறுமி கையசைத்தாள். பெயர்கள் ஓடத் தொடங்கின.

ஹெல்மெட் கதிரையிலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வெளியில் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்கள் சிவந்திருந்தன. மன்னிக்கச் சொன்னார். நான் ஹெல்மெட்டை நீட்டுவதற்குள் போன் அடித்தது. வீடியோ கோல். முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தார்.

பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பிள்ளை, கையில் பாதி கடித்த பாண் துண்டு — இவ்வளவுதான் நான் பக்கவாட்டில் கண்டது. கண்ணில் படக்கூடாதென்று போனுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றுகொண்டேன். சத்தம் மட்டும் கேட்டது.

படம் பார்த்தேன் என்றார் அன்ரன். அந்தப் பக்கம் உடனே நம்பவில்லை. கேள்விகள் தொடங்கின. குட்டியின் பெயர் என்ன? சொன்னார். எந்தக் கால்? சொன்னார். தொப்பி? ஆற்றில் போய்விட்டது என்றார். பூனை என்று ஓரிடத்தில் வாய் தவறிவிட்டார். பூனை இல்லை, லிங்ஸ் என்று பிள்ளை திருத்தினாள். குரல் கொஞ்சம் இளகியிருந்தது.

பிறகு கேட்டாள்.

"அப்பா, எண்டிங் சொல்லுங்கோ. லிங்ஸ் என்ன செய்தது?"

அன்ரன் வாயைத் திறந்தார். போனுக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

நான் வாய் திறந்தால் பிள்ளைக்குக் கேட்டுவிடும். என்ன செய்வது? ஹெல்மெட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, அவருக்கு முதுகைக் காட்டி மெல்ல நடந்தேன். கொஞ்சத் தூரத்தில் நின்றேன். தலையை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தேன். தியேட்டர் காவலாளி தம்பி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஊர் உடுவிலில் என்னைத் தெரிந்த ஒருவரும் அன்றைக்கு அந்தப் பக்கம் வரவில்லை. அதற்கு நன்றி.

"போச்சுது..." என்றார் அன்ரன். "போய்... நிண்டு திரும்பிப் பாத்தது."

அந்தப் பக்கம் பாண் கடிக்கிற சத்தம் கேட்டது.

"ஓம்" என்றாள் பிள்ளை. "அந்த டாட் சொன்னது ராங் அப்பா. மறந்தால் ஏன் திரும்பிப் பாக்கும்?"

"ஓம் பிள்ளை. ஏன் பாக்கும்?"

தாயின் குரல் கேட்டது, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று. ஆனால் பிள்ளை வைக்கவில்லை. படிகளில் இறங்கும்போதும் கதைத்துக்கொண்டே போனாள். காதுக் குஞ்சம் எதற்கு என்று சொன்னாள், தன் வகுப்பில் யார் யார் அழுதார்கள் என்று சொன்னாள். பஸ் வந்த பிறகுதான் வைத்தாள்.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு அன்ரன் என்னிடம் வந்தார். ஹெல்மெட்டை வாங்கினார். போடவில்லை.

"உண்மையாப் பாத்ததோ அக்கா?"

"ஓம் தம்பி. பாத்தது."

"கன நேரமோ?"

"இல்லை. கொஞ்ச நேரம்."

யோசித்தார். "கொஞ்ச நேரமெண்டாலும் காணும், அது போதும்" என்றார். பட்டறைக்கு நேரமாகிறது என்று சொல்லி, போட்டு வாறன் அக்கா என்று கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனார். அடுத்த படம் எப்போது என்று அவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மோட்டார் சைக்கிள் சந்தியில் திரும்புகிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பஸ்ஸில் வரும்போது அந்தப் படத்துச் சிறுமியைத்தான் யோசித்தேன். இந்தப் படங்கள் எல்லாம் அவள் கையசைக்கிற இடத்தில் முடிந்துவிடுகின்றன. மிருகம் காட்டுக்குப் போய்விட்டது, நல்லது, எல்லோரும் எழும்பி வீட்டுக்குப் போங்கள் என்று விளக்கைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த நாள் காலை? பால் காய்ச்சத் தேவையில்லை. கொட்டிலுக்குள் போய்ப் பார்க்கத் தேவையில்லை. பழக்கத்தில் நேரத்துக்குக் கண் விழித்திருப்பாள். பிறகு என்ன செய்திருப்பாள் அந்தப் பிள்ளை? அதை ஒருவரும் படம் எடுப்பதில்லை.

வீட்டுக்கு வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. கேற்றைத் திறந்தேன். செருப்பைக் கழற்றினேன். காலையில் சமைத்து வைத்ததைச் சூடாக்கிச் சாப்பிட்டேன்.

படம் எப்படி என்று கேட்க வீட்டில் ஆளில்லை. அதுதான் உங்களுக்குச் சொல்கிறேன் — நல்ல படம்.