பொட்டு வைத்த டயர்

போன வாரம் மலாக்கா, ஆயர் குரோவில் ஒரு டயர் கடையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். தங்கை மகன் காருக்குப் புது ஸ்போர்ட் ரிம் வாங்கியிருந்தான். நாலு ரிம் மாட்ட எவ்வளவு நேரம் ஆகிவிடும்? ஒரு தே தாரிக் குடிப்பதற்குள் முடிந்துவிடும் என்று நம்பித்தான் கூடப் போனேன்.

எங்கே முடிந்தது? பழைய ரிம்மிலிருந்து டயரை உரித்தார்கள். உள்ளே காற்று வால்வோடு ஒட்டிக்கொண்டு கறுப்பாக, கட்டைவிரல் அளவில் ஒன்று இருந்தது. சென்சாராம். கார் கம்பெனியிலேயே வைத்து அனுப்புவதாம். அதைப் பக்குவமாகக் கழற்றிப் புது ரிம்முக்கு மாற்றினார்கள் - இப்படி நாலு தடவை.

மாற்றாமல் விட்டால் என்ன என்று கடைக்காரரிடம் கேட்டேன்.

"மஞ்ச லைட்டு எரிஞ்சுகிட்டே இருக்கும் அங்கிள். டயர்ல காத்து கொறஞ்சா இதுதான் சொல்லும். வேற யாரு சொல்லுவா?"

வேறு யார் என்றா கேட்கிறார்? எனக்குச் சொன்ன ஒருத்தி இருந்தாளே!

தொண்ணூறுகளில் நாங்கள் மஸ்ஜித் தானா பக்கம் எஸ்டேட்டில் இருந்தோம். எனக்கு ஆயர் குரோவில் ஃபேக்டரி வேலை. செகண்ட்ஹேண்ட் கார் ஒன்று வாங்கியிருந்தேன். அப்போதெல்லாம் ஸ்போர்ட் ரிம் போடாத காரை எங்கள் எஸ்டேட் பையன்கள் ஒரு காராகவே மதிக்க மாட்டார்கள். "என்னண்ணே, காடிக்கு இன்னும் ஜப்பான் சிலிப்பர்தானா?" என்று ரப்பர் செருப்பு போட்ட ஆளைக் கேட்பதுபோல் கேட்பார்கள். எத்தனை நாள் பொறுப்பது? ஒரு நண்பனிடமிருந்து பழைய ஸ்போர்ட் ரிம் நாலை வாங்கி மாட்டிவிட்டேன். ரிம் திருட்டு அதிகமாக இருந்த காலம். அதனால் சக்கரத்துக்கு ஒரு பூட்டு நட்டு. அதைக் கழற்ற ஒரு தனிச் சாவி.

அம்மா விடுவாரா? வெள்ளிக்கிழமை எஸ்டேட் மாரியம்மன் கோயிலில் பூசை. நாலு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம். பானெட்டில், ஸ்டியரிங்கில் பூசாரி சந்தனம் வைத்தார். அம்மாவுக்கு அது போதவில்லை. புது ரிம்முக்குத்தானே பூசை? குனிந்து பார்த்தார். பழைய ரிம் என்பதால் வால்வுக்கு மூடி கிடையாது. குட்டி மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில் கெட்டியாகச் சந்தனம், மேலே குங்குமம். நாலு டயருக்கும் நாலு பொட்டு.

மாப்பிள்ளை மாதிரி நின்றது கார். துடைக்க மனம் வருமா? ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் ஸ்டேஷனில் காற்றடித்தபோதும் பொட்டின் மேலேயே குழாயை வைத்து அழுத்தினேன்.

மறுநாள் காலையில் என் மனைவி சரோஜாவுக்கு மலாக்கா டவுனில் இண்டர்வியூ. தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியை வேலை. ஏற்கெனவே இரண்டு முறை போய்க் கிடைக்காமல் திரும்பியவள். இது மூன்றாவது. இன்னொரு தடவை கூப்பிட மாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.

கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள், "ஏங்க, எம் பக்கம் காடி சாயுது."

நீ சாப்பிட்ட இட்லி அப்படி என்றேன். அவள் சிரிக்கவில்லை.

இன்னும் கொஞ்ச தூரம். "என்னமோ தடதடன்னு கேக்குதுங்க. நிறுத்திப் பாருங்களேன்."

ஸ்போர்ட் ரிம் என்றால் அப்படித்தான் சத்தம் வரும் என்றேன். எனக்கு என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. ஆனாலும் சொன்னேன்.

இன்றைக்கு ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தால் பதறிப்போய்க் காரை ஓரங்கட்டுகிறோம். அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை சொன்னவளுக்காக நான் நிறுத்தவில்லை. விளக்கோடு யாரும் வாதாடுவதில்லை, பார்த்தீர்களா?

டவுனுக்குப் போகும் வழியில், தங்கா பத்துவில் கார் தானாகவே நின்றது மாதிரிதான். முன்பக்க இடது டயர் தரையோடு தரை. சரி, ஸ்பேர் டயர் இருக்கிறதே என்று காரின் பின்பக்கத்தைத் திறந்தேன். ஸ்பேர் இருந்தது, ஜாக் இருந்தது. பூட்டு நட்டின் சாவி எங்கே? பூசைத் தட்டில் வைத்ததை அம்மா அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமி மேடையில் வைத்துவிட்டார் - பத்திரமாக.

சரோஜா வாட்சைப் பார்த்தாள். தூரத்தில் டவுன் பஸ் வந்தது. சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சர்டிபிகேட் ஃபைலை உயர்த்திக் காட்டி நிறுத்தினாள்.

"நீங்க இங்கயே ரிம்முக்குக் காவலா இருங்க. யாராச்சும் தூக்கிட்டுப் போயிடப் போறாங்க."

போய்விட்டாள்.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு மலாய்க்காரப் பெரியவர் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு, வீட்டிலிருந்து கால் பம்ப் கொண்டுவந்தார். அடிக்க அடிக்க வால்வு வழியாகவே காற்று வெளியேறியது. வால்வின் உள்ளிருக்கும் ஊசியைக் கழற்றி உள்ளங்கையில் தட்டினார். மஞ்சளாகப் பொடி விழுந்தது. மூக்கருகே கொண்டுபோய்விட்டு, உன் டயருக்குள் நல்ல வாசனை வருகிறதே என்று மலாயில் கேட்டார். காய்ந்த சந்தனம்! காற்றோடு சேர்த்து நானே உள்ளே தள்ளியிருக்கிறேன். அது ஊசியில் சிக்கி, வால்வை மூடவிடாமல் செய்திருக்கிறது. நாலு வால்வையும் சுத்தம் செய்து காற்றடித்துக் கொடுத்தார்.

டவுன் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றாகிவிட்டது. சரோஜா இண்டர்வியூ முடிந்து கல்வி அலுவலக வாசலில் நின்றிருந்தாள். சரியாக ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தாளாம். சந்தனக் கதையைச் சொன்னேன். முதலில் முறைத்தாள். பிறகு அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கடிதம் வந்தது. வேலை கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்துக்குப் போகும் முதல் நாள். விடியும்போதே எழுந்து காரைக் கழுவினேன். நாலு டயரிலும் காற்றைச் சோதித்தேன். வாசலில் கொண்டுவந்து நிறுத்திக் கதவையும் திறந்துவைத்தேன். புதுச் சேலையில் வந்த சரோஜா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தாள்.

பின்னாலேயே ஓடினேன். எல்லாம் சரியாக இருக்கிறது, நானே பார்த்துவிட்டேன் என்றேன்.

"இருக்கட்டும் லா," என்றாள். "இன்னிக்கி எனக்கு வேலை இருக்கு."