பார்க்க வந்தவர்கள்

புளியங்குடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் சொல்லித்தான் பாக்கியம் அக்கா இறந்தது எனக்குத் தெரிந்தது. சங்கரன்கோவிலில் அவர் வேலை பார்த்த அதே வார்டில்தான் உயிர் போனதாம். எரித்து நாலு நாளாகிவிட்டதாம். ஒரு வார்த்தை சொல்லி அனுப்பவில்லையே என்று, அவரை அறிந்த உங்கள் எல்லார் மேலும் கோபம் வந்தது. இன்னும் தீரவில்லை.

நர்ஸ் வேலையில் ஓய்வு பெற்ற பிறகும் அக்கா தினமும் வார்டுக்கு வந்தார். சம்பளம் கிடையாது. கிடையாகக் கிடக்கும் கிழவர்களைப் புரட்டிவிட்டு முதுகு துடைப்பார். ஆளிருந்தும் ஆளில்லாதவர்கள்தான் இங்கே அதிகம் என்பார்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம் என் அப்பா பக்கவாதத்தில் அங்கே கிடந்தார். அம்மா முன்னமே போய்விட்டாள். நாங்கள் மூன்று மகன்கள். அண்ணன் தோட்டத்தைச் சொன்னான், தம்பி கடையைச் சொன்னான், நான் ஆபீஸைச் சொன்னேன். அம்மன் ஒற்றைக்காலில் தவம் நிற்கும் ஆடித்தபசு அன்று பனவடலிசத்திரத்திலிருந்து குடும்பத்தோடு பஸ் ஏறினோம். தபசுக் காட்சிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுமாக வார்டுக்குப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

அக்கா அப்பாவைப் புரட்டி முதுகைக் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். பிறகு சத்தம் போடாமல் கேட்டார்.

"பாக்க வந்தியளா, பாத்துக்கிட வந்தியளா?"

அண்ணன் ஆரஞ்சுப் பையை அவரிடம் நீட்டினான்.

"பாக்கணும்னா கோயில்ல அம்மா ஒத்தக்கால்ல நிக்கா, அங்கன போங்க. இவருக்கு ஆள் வேணும்."

மற்றவர்கள் போனார்கள். வெட்கம் பிடுங்க நான் மட்டும் நின்றேன். அப்பாவைப் புரட்டவும் துடைக்கவும் கஞ்சி ஊட்டவும் பழகினேன். இரண்டு மாதம் கழித்து அப்பா செத்தபோது முதுகில் புண் இல்லை.

அக்கா செத்த செய்தி கேட்ட அன்று பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வார்டுக்குப் போனேன். அக்காவைப் பார்க்க நிறையப் பேர் வந்ததாக அங்கிருந்த சிஸ்டர் சொன்னார். வந்த ஆரஞ்சை எல்லாக் கட்டிலுக்கும் கொடுத்தார்களாம். புரட்டிவிடத்தான் ஆள் இல்லையாம். அக்காவின் முதுகிலும் புண்ணாம்.

உங்களைத் திட்டத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அக்கா படுத்துவிட்டார் என்று போன மாதமே எனக்குச் சொன்னார்கள். அவர் விட்டுப்போன அந்தக் கேள்வி என்னிடம்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் நானும் சொன்னேன்.